சிரிப்பும் தீர்ப்பும்

நாடக மேடையில் தோன்றும் நடிகனுக்குத் துணைகள் பல உண்டு. ஒப்பனையும் உடையும் அவனுக்கு உருவம் தருகின்றன. கதை அவனை ஈர்த்துச் செல்கின்றது. அவன் சோர்ந்தவிடத்து உடன் நடிப்போர் தாங்கிக் கொள்கின்றனர். பாடுவோனுக்கோ பக்க இசை நிற்கின்றது. இத்துணைகளுள் ஒன்றும் இன்றி, ஒலிவாங்கி ஒன்றின் முன்னே தனியனாய் நின்று, தன் சொல்லாலேயே முன்பின் அறியாத மக்களைச் சிரிக்க வைக்க முற்படுபவன் ஒருவன் உளன். அவனுடைய கலையை மேலைநாட்டார் 'ஸ்டாண்ட்-அப்' என வழங்குவர். நின்றபடியே நகைச்சுவை மொழிதல் என்பது அதன் பொருள். இக்கலை இன்று உலகின் பல நகரங்களிலும் தமிழ்நாட்டின் மேடைகளிலும் பரவியுள்ளது. எனினும், அது வளர்ந்து தனிப்பெயர் பெற்ற நாடு அமெரிக்கா ஆகும்.

இக்கலைஞனுக்குத் தீர்ப்பு உடனுக்குடன் கிடைத்துவிடுகின்றது. ஓவியன் தன் படத்தை வரைந்து முடித்து, அதைக் காண்போரின் கருத்தை அறியத் திங்கள் பல காத்திருத்தல் வேண்டும். நூலாசிரியன் நிலையும் அதுவே. நகைச்சுவை மொழிவோனோ ஒரு தொடரைச் சொல்லி முடித்த அக்கணமே தன் வெற்றியையோ தோல்வியையோ காதால் கேட்டுவிடுகின்றான். இவ்வாறு தீர்ப்பு தெளிவாகக் கிடைக்கும் கலையில் கருத்து வேறுபாட்டிற்கு இடம் இராது என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. ஒருவர் ஈடற்றவர் எனப் புகழும் நகைச்சுவையாளரை மற்றொருவர் வாய்வீச்சுக்காரர் என ஒதுக்குகின்றார்; இருவரும் தத்தம் முடிவில் சிறிதும் ஐயம் கொள்வதில்லை.

அவையோரின் சிரிப்பையே அளவுகோலாகக் கொண்டால் என்ன என வினவலாம். அவ்வளவுகோல் இடத்துக்கு இடம் நீள்வதும் குறைவதும் ஆகும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 'எம்பயர்' என்னும் அரங்கு ஒன்று 1963ஆம் ஆண்டு வரை நடைபெற்று வந்தது. 'ஆங்கிலேய நகைச்சுவையாளரின் இடுகாடு' என்பது அதற்கு வழங்கிய பட்டப்பெயர். இலண்டனில் கைதட்டும் புகழும் பெற்றோர், அதே சொற்களை அங்கே சொல்லி அவையோரின் ஏச்சைப் பெற்றுத் திரும்பினர். சிரிப்பு அவையைப் பொறுத்தது என்பதற்கு இஃதொன்றே போதும். மேலும், சிரிப்பு ஒட்டுவாரொட்டி போன்றது. இதனை நன்கு உணர்ந்த சார்லஸ் டக்ளஸ் என்னும் அமெரிக்க ஒலிப்பொறியாளர், பதிவு செய்த சிரிப்பொலிகளை வேண்டியவிடத்து எழுப்பும் கருவி ஒன்றை 1950-களில் அமைத்தார். அவை இல்லாத இடத்தும் அவையின் சிரிப்பு தொலைக்காட்சியில் ஒலித்தது. வீட்டில் இருந்தோரும் உடன் சிரித்தனர்.

சிரிப்பு முற்றிலும் பிழைபட்ட நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. டாமி கூப்பர் என்பார் பிரித்தானியாவில் புகழ் பெற்ற நகைச்சுவையாளர். செய்யும் செப்படி வித்தைகளெல்லாம் தவறிப்போவதாக நடிப்பது அவர் வழக்கம். 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இலண்டன் அரங்கு ஒன்றில், தொலைக்காட்சியில் நேராக ஒளிபரப்பாகிக் கொண்டிருந்தபோதே, அவர் மாரடைப்பால் மேடைமீது சரிந்தார். அதுவும் வித்தையின் ஒரு பகுதி எனக் கருதிய அவையோர் தொடர்ந்து சிரித்தனர். அவர் மீண்டும் எழவில்லை.

ஆகவே, சிரிப்பு எழுந்ததா என்று பார்ப்பதோடு அமையாது, அஃது எதனால் எழுந்தது என்றும் பார்த்தல் வேண்டும். இவ்வாராய்ச்சியில் தமிழர்க்குப் பழமையான துணை ஒன்று உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. எள்ளல் இகழ்ந்து நகுதல், இளமை குழந்தைத் தன்மை, பேதைமை அறியாமை. மடன் என்பது, ஒன்றைக் கொண்டபின் அது பொருந்தாவிடத்தும் விடாது பற்றி நிற்றல். இவற்றுள் எள்ளல் ஏனைய மூன்றினும் வேறுபட்டது. குழந்தையின் மழலையைக் கேட்டுச் சிரிக்கும்போது புண்படுவார் எவரும் இலர். எள்ளலிலோ எள்ளப்படுவார் ஒருவர் இருந்தே தீர்வர். நகைச்சுவையாளரின் தரம் பற்றிய பூசல்கள் பெரும்பாலும் இவ்வெள்ளலைச் சுற்றியே எழுந்தமை அமெரிக்க மேடையின் வரலாற்றால் விளங்கும்.

அங்கே 'வாடெவில்' என்னும் பல்சுவை மேடை நிகழ்ச்சிகள் செல்வாக்குற்றிருந்த காலத்தில் பயின்று, பின்னர் வானொலிக்கு வந்தோர் பலர். அவருள் பாப் ஹோப் தலையாயவர். 1903இல் இங்கிலாந்தில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறியவர் அவர். துணுக்கின்மேல் துணுக்காக விரைந்து சொல்லிச் செல்வது அவர் முறை. அவற்றை எழுதித் தருவதற்கென்றே எழுத்தாளர் குழு ஒன்றை அமர்த்தியிருந்தார். தலைப்பு வாரியாகப் பகுத்து அவர் காத்துவந்த நகைத் துணுக்குகள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. அவை 85,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. 1941 முதல் அரை நூற்றாண்டுக் காலம் போர்க்களங்களுக்குச் சென்று படைவீரரை மகிழ்வித்தார். இத்துணைத் தொண்டும் புகழும் உடைய அவரையும், 'பிறர் எழுதியதை ஒப்பிப்பவர்' எனக் குறை கூறியோர் உண்டு. அக்குறை முற்றும் பொருந்துவதன்று. எழுதிய துணுக்கை எக்கணத்தில் விடுப்பது என்பதும் ஒரு கலையே.

அக்கலையின் எல்லையைக் கண்டவர் ஜாக் பென்னி ஆவார். வானொலியில் அவர் தம்மைக் கடைந்தெடுத்த கஞ்சராகக் காட்டிக்கொண்டார். 1948ஆம் ஆண்டில் ஒலிபரப்பான ஒரு காட்சியில், இரவில் வழிமறித்த கள்வன், பணத்தைத் தருவாயா, உயிரைத் தருவாயா என்று கேட்கின்றான். பென்னி ஒன்றும் பேசவில்லை. அம்மௌனம் நீள நீளச் சிரிப்பு பெருகுகின்றது. கள்வன் பொறுமை இழந்து மீண்டும் அதட்ட, தாம் அதைத்தான் சிந்தித்துக் கொண்டிருப்பதாகப் பென்னி விடை இறுக்கின்றார். எழுத்தில் காணும்போது இதில் சிறப்பு மிகுதியாகத் தோன்றாது. அச்சிரிப்பின் பெரும்பகுதி சொல்லாத இடத்திலிருந்து எழுந்தது. உயிர் போகும் வேளையிலும் பணத்தின்மேல் வைத்த பற்றை விடாத அந்நிலையைத் தொல்காப்பியர் கேட்டிருப்பின், 'மடன்' என்று உடனே பெயரிட்டிருப்பார். பென்னியின் தரம் பற்றிப் பெரும்பூசல் எதுவும் எழாமைக்குக் காரணமும் இதுவே. அவர் எள்ளியது தம்மையே.

1950-களில் வேறு வகையான நகைச்சுவையாளர் தோன்றினர். 1953ஆம் ஆண்டின் இறுதியில், சான்பிரான்சிஸ்கோ நகரின் சிறிய விடுதி ஒன்றில் மார்ட் சால் என்னும் இளைஞர் மேடை ஏறினார். பளபளக்கும் மேலங்கி இல்லை; கழுத்துப்பட்டை இல்லை. கம்பளிச் சட்டை ஒன்றை அணிந்து, கையில் அன்றைய செய்தித்தாளைச் சுருட்டிப் பிடித்திருந்தார். மாமியார், மருமகள் பற்றிய பழந்துணுக்குகளை விடுத்து, ஆட்சியாளரையும் கட்சிகளையும் பற்றிப் பேசினார். 1960ஆம் ஆண்டுத் தேர்தலின்போது கென்னடிக்கு நகைத்தொடர்கள் எழுதி உதவினார். கென்னடி குடியரசுத் தலைவர் ஆனதும் அவரையே எள்ளத் தொடங்கினார். முன்பு சாலைப் புகழ்ந்தோருள் சிலர்க்கு அவருடைய நகைச்சுவை அதன்பின் சுவைக்கவில்லை. நகைச்சுவையாளர் மாறவில்லை, அம்பு பாயும் திசையே மாறியது.

சாலின் காலத்தவரே லென்னி புரூஸ். 1925இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். சால் எள்ளியது அரசியலை. புரூஸ் எள்ளியது சமயத் தலைவர்களின் செல்வச் செருக்கையும், நிறவெறியையும், ஒழுக்கத்தைப் பற்றி ஊரார் பேசும் போலிப் பேச்சையும் ஆகும். அவர் எழுதி வைத்து ஒப்பிப்பவர் அல்லர். ஒரு கருத்திலிருந்து மற்றொன்றிற்குத் தாவி, பல குரல்களில் பேசி, இடையிடையே அவையில் சொல்லத்தகாதன என ஊர் விலக்கிய சொற்களையும் கலந்து மொழிந்தார். சொற்கள் தீயன அல்ல, அவற்றை மறைத்து வைப்பதே அவற்றிற்கு நஞ்சை ஊட்டுகின்றது என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை ஏற்றுக்கொள்ளாதோர் அன்றும் பலர், இன்றும் பலர். தம் மக்களுடன் அமர்ந்து கேட்க முடியாத பேச்சு தரமுடையதாகுமா என்று அவர்கள் கேட்டனர். அவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஏனெனில், திடுக்கிட வைக்கும் ஒரு சொல்லைக் கூறி, அதனால் எழும் கூச்சச் சிரிப்பையே தம் வெற்றி எனக் கொள்ளும் சோம்பேறிகள் எல்லா மேடைகளிலும் உண்டு. புரூஸ் அத்தகையவரா, வேறு வகையினரா என்பதே கேள்வி.

அக்கேள்விக்கு மக்கள் அளித்த விடை ஒன்று. 1961ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நியூயார்க் நகரைப் பெரும் பனிப்புயல் மூடியது. ஊர்திகள் தெருவில் ஓட இயலாத அந்நாளில், நள்ளிரவில், புகழ் வாய்ந்த கார்னகி மண்டபத்தில் புரூஸின் நிகழ்ச்சி நடைபெற இருந்தது. பனியில் நடந்து வந்தோரால் மண்டபம் நிறைந்தது. காவல் துறையினர் அளித்த விடை மற்றொன்று. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் சான்பிரான்சிஸ்கோவில் தகாத மொழி பேசினார் என அவரைச் சிறைப்படுத்தினர். 1962இல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அதே ஆண்டின் இறுதியில் சிகாகோவில் மீண்டும் சிறைப்பட்டார். அங்கே குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 1963இல் பிரித்தானிய அரசு தன் நாட்டிற்குள் அவர் நுழையவும் இசைவு மறுத்தது. காவலர் தொடரும் நகைச்சுவையாளரை அழைக்க விடுதி உரிமையாளர் அஞ்சினர். இவ்வாறு அவருக்கு வருவாயும் சுருங்கியது.

1964ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், 'கஃபே ஓ கோ கோ' என்னும் விடுதியில் அவர் பேசியதற்காக வழக்குத் தொடரப்பட்டது. விடுதி உரிமையாளரும் உடன் குற்றம் சாட்டப்பட்டார். இவ்வழக்கிற்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1957ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்றின்படி, சமுதாயத்திற்குச் சிறிதும் பயனற்ற ஆபாசம் பேச்சுரிமையின் பாதுகாப்பைப் பெறாது. அங்ஙனமாயின், புரூஸின் பேச்சில் பயனோ கலைத்தகுதியோ உண்டா என்பதை நீதிமன்றம் முடிவு செய்தாக வேண்டும். நண்பர் இருவர் காப்பி அருந்தியபடி வாதிட வேண்டிய பொருள், மூன்று நீதிபதிகளின் முன்னே மாதக்கணக்கில் வாதிடப்பட்டது. தோற்றால் ஒரு மனிதர் சிறை செல்ல வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

அறிஞர் பலர் புரூஸின் பக்கம் நின்றனர். ஏறத்தாழ நூற்றுவர் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்று வெளிவந்தது. இலக்கியத் திறனாய்வாளர் லயனல் டிரில்லிங், சமய அறிஞர் ரைன்ஹோல்டு நீபர், நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் முதலியோர் அதில் ஒப்பமிட்டவர். ஸ்விப்ட், ராபலே, மார்க் ட்வைன் ஆகியோரின் வழியில் வந்த அங்கத ஆசிரியர் புரூஸ் என அவ்வறிக்கை கூறிற்று. செய்தித்தாளில் எழுதிவந்த டாரதி கில்கலன் என்னும் அம்மையாரும் சாட்சி கூறினார். அவர் பழமைப் பற்றுடைய கத்தோலிக்கர்; அவரே புரூஸைச் சிறந்த அங்கதக் கலைஞர் என்றது பலரை வியப்பில் ஆழ்த்தியது. எதிர்ப்பக்கத்தாரும் தகுதி வாய்ந்த சாட்சிகளை நிறுத்தினர். அப்பேச்சில் கலை ஏதும் இல்லை என்று அவர்கள் கூறினர். கற்றோரே இரு கூறாகப் பிரிந்து நின்றனர்.

இவ்வழக்கின் மிக விந்தையான பகுதி இனிமேல்தான் வருகின்றது. புரூஸின் நிகழ்ச்சிக்கு நகரின் உரிம ஆய்வாளர் ஒருவர் அனுப்பப்பட்டிருந்தார். அவர் இருட்டில் அமர்ந்து, கேட்டவற்றைக் குறிப்பெடுத்தார். பின்னர் அக்குறிப்புகளைக் கொண்டு புரூஸ் பேசியதை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார். குரல் மாற்றம் இல்லை, இடைவெளி இல்லை, முன்னும் பின்னும் இல்லை. எஞ்சியவை விலக்கப்பட்ட சொற்கள் மட்டுமே. புரூஸ் இதைக் கேட்டுத் துடித்தார். தம் நிகழ்ச்சியை வேறொருவர் கெடுத்து நடிப்பதாகவும், அவருடைய திறமையின்மைக்காகத் தாம் சிறை செல்ல வேண்டியிருப்பதாகவும் முறையிட்டார். அம்முறையீடு நகைப்புக்கிடமாகத் தோன்றினாலும் அதில் நியாயம் உண்டு. ஜாக் பென்னியின் காட்சியை அவ்வாய்வாளர் குறிப்பெடுத்திருந்தால், 'கள்வன் கேட்டான். அவர் பேசவில்லை' என்றுதான் எழுதியிருப்பார்.

1964ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வெளிவந்தது. நீதிபதிகளுள் இருவர் குற்றம் உண்டு என்றனர்; ஒருவர் உடன்படவில்லை. புரூஸின் பேச்சு ஒன்றோடொன்று இயைபற்ற துணுக்குகளின் தொகுதி என்றும், இலக்கியத் தகுதியோ கலைத் தகுதியோ அதற்கு இல்லை என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறிற்று. திறனாய்வாளர் எழுத வேண்டிய மதிப்புரையை நீதிபதிகள் எழுதினர். நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டை முன்னிட்டுப் புரூஸ் பிணையில் இருந்தார். அதே ஆண்டில் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றமோ சிகாகோத் தீர்ப்பைத் தள்ளி அவரை விடுவித்தது. ஒரே மனிதரின் ஒரே வகைப் பேச்சு ஒரு மாநிலத்தில் குற்றம், மற்றொன்றில் குற்றமன்று.

இதன்பின் நேர்ந்தது வருந்தத்தக்கது. புரூஸ் தம் வழக்கறிஞர்களை விலக்கிவிட்டுச் சட்ட நூல்களில் மூழ்கினார். மேடை ஏறினாலும் தம் வழக்கின் ஆவணங்களைப் படித்துக் காட்டலானார். அநீதிக்கு ஆளானவர் என்ற இரக்கத்தோடு வந்தோரும் சிரிக்க வழி காணாது அமர்ந்திருந்தனர். அவருடைய அன்பரே சிலர் இக்காலத்து நிகழ்ச்சிகளில் நகை இல்லை என ஒப்புக்கொண்டனர். அவர்கள் நேர்மையாளர். ஒருவருடைய உரிமைக்காகப் போராடுதல் வேறு. அவர் சொல்வதைக் கேட்டுச் சிரித்தல் வேறு. இவ்விரண்டும் அவ்வழக்கின்போது ஒன்றாகவே குழம்பிக் கிடந்தன. அவரைப் பிடிக்காதோர் அவர் பேசவே கூடாது என்றனர். அவர் பேச வேண்டும் என்றோர் அவரைப் பெருங்கலைஞர் என்று மெய்ப்பிக்க வேண்டியவராயினர். 'எனக்கு அவர் பேச்சில் சுவை இல்லை. ஆயினும் அவர் பேசுக' என்று சொல்வதற்கு நீதிமன்றத்தில் இடம் இல்லை.

1966ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், மேல்முறையீடு முடிவுறாத நிலையில், போதை மருந்தின் மிகுதியால் புரூஸ் இறந்தார். அவருக்கு அகவை நாற்பது. உடன் தண்டிக்கப்பட்ட விடுதி உரிமையாளர் தம் மேல்முறையீட்டைத் தொடர்ந்து நடத்தி வென்றார். இறந்த புரூஸின் பெயரில் மட்டும் குற்றம் நிலைத்து நின்றது.

காலம் கருத்துகளை மாற்றியது. புரூஸ் சிகாகோவில் சிறைப்பட்ட இரவில் அவையில் இருந்த ஜார்ஜ் கார்லின் என்னும் இளைஞரையும், அடையாளச் சீட்டைக் காட்ட மறுத்தமைக்காகக் காவலர் உடன் கொண்டு சென்றனர். அந்தக் கார்லின் பின்னாளில் அமெரிக்காவின் முன்னணி நகைச்சுவையாளர் ஆனார், 1972இல் மில்வாக்கி நகரில் அவரும் சிறைப்பட்டார், அவ்வழக்கு தள்ளப்பட்டது. நகைச்சுவைக்கென வாஷிங்டனில் உள்ள கென்னடி மையம் 1998இல் மார்க் ட்வைன் பரிசை நிறுவி, முதல் பரிசை ரிச்சர்ட் பிரையர்க்கு வழங்கியது. கறுப்பின மக்களின் வாழ்வை ஒளிவுமறைவின்றி மேடையில் பேசியவர் அவர். 2008இல் அப்பரிசு கார்லினுக்கு அறிவிக்கப்பட்டது. விழாவிற்கு முன்பே அவர் காலமானார்.

எனினும், பழைய பூசல் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளுதல் கூடாது. புரூஸின் இசைத்தட்டுகளை இன்று கேட்கும் இளைஞர் பலர்க்குச் சிரிப்பு எளிதில் வருவதில்லை. அவர் எள்ளிய மனிதர்களையும் அன்றைய செய்திகளையும் அவர்கள் அறியார். பாப் ஹோப் குடியரசுத் தலைவர்களைப் பற்றிச் சொன்ன துணுக்குகளுக்கும் இதே நிலைதான் நேர்ந்தது. எள்ளல் தன் இலக்கோடு சேர்ந்து முதுமை அடைகின்றது. பென்னியின் மௌனத்திற்கோ விளக்கவுரை வேண்டுவதில்லை. கஞ்சர் இல்லாத ஊர் எங்கே உண்டு? ஆனால், இதைக்கொண்டு பென்னியே உயர்ந்தவர் எனத் துணிவதும் அவசர முடிபு ஆகும். பனியில் நடந்து கார்னகி மண்டபம் சென்றோர் தேடியது அன்றைய நாளைப் பற்றிய பேச்சையே. அது நெடுநாள் நில்லாது என்பதற்காக அன்று அதற்கு இருந்த மதிப்பு பொய் ஆகாது.

2003ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாப் ஹோப் நூறு அகவை நிறைந்தவராய் மறைந்தார். அவ்வாண்டே டிசம்பர் 23ஆம் நாள், நகைச்சுவையாளரும் வழக்கறிஞரும் அடங்கிய குழுவினர் விடுத்த வேண்டுகோளை ஏற்று, நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் படாகி, லென்னி புரூஸுக்கு மன்னிப்பு வழங்கினார். அம்மாநில வரலாற்றில் இறந்த ஒருவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது அதுவே முதல் முறை. பேச்சுரிமையின் பொருட்டே அதனை வழங்குவதாக ஆளுநர் கூறினார். புரூஸ் இறந்து அப்போது முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.